வெளியாளிடம் மட்டும் சொல்லும் பேச்சு: போலந்து அனுபவங்கள்

வார்சாவிலிருந்து, ஒன்பதாவது வருடம்

போலந்தில் இருக்கும் நம் ஆட்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த ஊர்க்காரர் யாராவது உங்களிடம் அரசியலை மனம்விட்டுப் பேசியிருக்கிறார்களா? செய்தியில் படித்தது வேண்டாம், நேரில் கேட்டதை எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று. இரவு ஒன்பது மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தவுடன் முதல் கணிப்பு வந்தது: டொனால்ட் டஸ்க் கட்சியின் வேட்பாளர், வார்சா மேயர் ரஃபால் த்ஷஸ்கோவ்ஸ்கிக்கு 50.3 சதவீதம். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா. வயது எழுபத்து நாலு. கையில் ஒரு தட்டு, அதன்மேல் கட்டம் போட்ட துணி. துணியை எடுத்தால் ஷார்லோட்கா, இங்கே வீட்டுக்கு வீடு செய்யும் ஆப்பிள் கேக். இன்னும் சூடு ஆறவில்லை. "மகள் வருவாள் என்று செய்தேன். வரவில்லை. நீங்கள் சாப்பிடுங்கள்" என்றார். தட்டைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

அம்மா, மேயரை எதிர்த்து நின்ற கரோல் நவ்ரோட்ஸ்கிக்கு வாக்களித்தவர். சட்டமும் நீதியும் கட்சி ஆதரித்த வேட்பாளர் அவர். மகள் மேயருக்கு. ஈஸ்டர் அன்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த வாக்குவாதம் பாதிச் சாப்பாட்டில் மகள் எழுந்து போனதில் முடிந்திருக்கிறது. அதிலிருந்து இருவரும் பேரனின் பள்ளிக்கூடம், பல்வலி, மழை இவற்றைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

"உங்களிடம் சொன்னால் சண்டை வராது. அதனால் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தார். தொண்ணூறுகளில் அவர் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஆலை படிப்படியாகச் சுருங்கி, அவரை வெளியே அனுப்பியது. நாற்பதைத் தாண்டிய வயது. சந்தைப் பொருளாதாரம் வந்துவிட்டது, நீங்கள்தான் மாறிக்கொள்ளவில்லை என்று அப்போது தொலைக்காட்சியில் படித்தவர்கள் சொன்னதை இன்றும் வார்த்தை மாறாமல் சொல்கிறார். 2016 ஏப்ரலில் சட்டமும் நீதியும் கட்சியின் அரசு பிள்ளைகளுக்கு மாதம் 500 ஸ்வாட்டி (போலந்து நாணயம்) கொடுக்க ஆரம்பித்தது. பிறகு ஓய்வூதியக்காரர்களுக்குப் பதின்மூன்றாம் மாத ஓய்வூதியமும் வந்தது. "பணம் பெரிதில்லை, ஐயா. எங்களையும் ஒருவர் கணக்கில் எடுத்தாரே, அதுதான் பெரிது" என்றார்.

பதினொரு மணிக் கணிப்பில் நவ்ரோட்ஸ்கி முந்திவிட்டார். காலையில் முழு முடிவு: 50.89க்கு 49.11. ஜெயித்த பக்கம் இருந்தவர் சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, "இப்போது மகளுக்கு போன் செய்தால் தப்பாக எடுத்துக்கொள்வாளா?"

அடுத்த வாரமே மகள் பக்கத்துக் கதையும் கிடைத்தது. ஒரு மேசை வாங்க என்னைக் காரில் கூட்டிப்போனவர், வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். 2020 அக்டோபர் 22 அன்று அரசியல்சாசன நீதிமன்றம் கருக்கலைப்பைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடை செய்தது. கருவில் கடுமையான குறை இருந்தாலும் கூடாது என்றது. அந்த வாரம் முழுக்க ராத்திரி ராத்திரியாக இவர் தெருவில் நின்றிருக்கிறார், முகக்கவசத்தில் அந்தப் போராட்டத்தின் அடையாளமான சிவப்பு மின்னல் குறி ஒட்டிக்கொண்டு. "அம்மாவும் பெண்தானே. ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை." சொல்லிவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அலுவலகத்தில் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட யாருக்கு வாக்களித்தோம் என்று பேசிக் கேட்டதில்லை. தேர்தலுக்கு மறுநாள் திங்கட்கிழமை காப்பி மெஷின் பக்கத்தில் ஸ்ட்ராபெர்ரி விலையைப் பற்றித்தான் பேச்சு. வாக்குரிமை இல்லாத எனக்கு மட்டும் ஒரு வீட்டின் இரண்டு பக்கமும் தெரிகிறது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகவும் முடியாது. இது பெரிய பாரம். உங்களுக்கும் இப்படி இருந்ததா?

---

வ்ரோட்ஸ்வாஃபிலிருந்து, ஆராய்ச்சி மாணவி

அண்ணா, படித்ததும் எனக்கு ஒரே ஆளின் இரண்டு முகம் நினைவுக்கு வந்தது. என் ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் பையன். இருபத்தாறு வயது இருக்கும்.

2023 அக்டோபர் 15 நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் ஊரின் யகோத்னோ பகுதி உலகச் செய்தியானது ஞாபகம் இருக்கும். புதிதாக வளர்ந்த குடியிருப்பு, வாக்காளர் அதிகம், வாக்குச்சாவடி போதவில்லை. ஒன்பது மணிக்குள் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வாக்களிக்கலாம் என்பது விதி. கடைசி ஆள் வாக்களித்தபோது மணி மூன்றை நெருங்கிவிட்டது. அவன் அந்த வரிசையில் நின்றவன். வேடிக்கை பார்க்கலாம் என்று பதினொன்றரைக்கு நானும் போனேன். நல்ல குளிர். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரிய பாத்திரத்தில் டீ போட்டுக் கொண்டுவந்தார்கள், பீட்ஸா வந்தது, போர்வைகள் வந்தன. அவன் தன் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நின்றான். "எட்டு வருடமாக ஒரே ஆட்சி. இன்றைக்கு வீட்டுக்குப் போய்விட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்" என்றான். அந்தத் தேர்தலில் 74.38 சதவீதம் வாக்குப்பதிவு. கம்யூனிச ஆட்சி விழுந்த 1989 ஜூன் தேர்தலில்கூட அவ்வளவு பேர் வரவில்லை. அந்த ராத்திரி நான் அழுதேன், எனக்கு வாக்கே இல்லாத ஊரில்.

அப்புறம் 2025 மே, அதிபர் தேர்தலின் முதல் சுற்று. முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் முதலிடம் கான்ஃபெடரேஷன் கட்சியின் ஸ்வாவோமிர் மென்ட்ஸெனுக்கு. வரி குறைய வேண்டும், வெளிநாட்டவர் வரவைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பேசும் வலதுசாரி. இரண்டாமிடம் இடதுசாரி அட்ரியன் ஸான்ட்பெர்குக்கு. பெரிய கட்சிகள் இரண்டையும் இளைஞர்கள் ஒதுக்கித் தள்ளிவிட்டார்கள். என் நண்பன் மென்ட்ஸென் பக்கம்.

எனக்குப் புரியவில்லை, நேராகவே கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான். வீட்டு வாடகை சம்பளத்தில் பாதியைத் தின்கிறது, சொந்த வீடு என்பது கனவிலும் இல்லை, இரண்டு கட்சித் தலைவர்களும் இருபது வருடமாக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்றான். இவ்வளவும் எனக்கு விளங்கியது. அடுத்து, "வெளியிலிருந்து வருகிறவர்கள் ரொம்ப அதிகமாகிவிட்டார்கள்" என்றான். "நானும் வெளியிலிருந்து வந்தவள்தானே?" என்றேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ வேற."

அன்பாகத்தான் சொன்னான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தை மனசில் முள்ளாகக் கிடக்கிறது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவருக்கு நான் 'வேற' என்று எப்படித் தெரியும்? இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியாது" என்றான்.

---

போஸ்னானிலிருந்து, சைக்கிளில் சாப்பாடு டெலிவரி

மேலே தங்கை எழுதிய பஸ், எனக்கு டிராமில் நடந்தது. 2025 ஜூலையில் ஜெர்மனி எல்லையில் அரசே சோதனை ஆரம்பித்தது, 7ஆம் தேதியிலிருந்து. அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் சிலர் தாங்களாகவே கூட்டம் கூடி எல்லையில் ரோந்து போய்க்கொண்டிருந்தார்கள். டிவியில் நாள் முழுக்க இதே பேச்சு. ராத்திரி வேலை முடிந்து பையோடு டிராமில் நின்றேன், ஒரு ஆள் என்னைப் பார்த்து "வீட்டுக்குப் போ" என்று இரண்டு தடவை கத்தினார். போலிஷ் எனக்கு அரைகுறைதான், ஆனால் அது விளங்கும்.

ஒரு பாட்டி தன் பக்கத்து இருக்கையில் இருந்த துணிப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இருக்கையைக் கையால் இரண்டு தட்டு தட்டினார். போய் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. நான் இறங்கும்போது "தோப்ரா நொட்ஸ்" என்றார், இனிய இரவு என்று. ஊருக்கு போன் செய்யும்போது அந்தப் பாட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன். அந்த ஆளைப் பற்றியும், போனைவிட்டுத் தலையைத் தூக்காத மற்ற இருபது பேரைப் பற்றியும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

---

ஜெஷூஃபிலிருந்து, மென்பொருள் வேலை

உக்ரைன் எல்லைக்கு நாங்கள்தான் பக்கம், எல்லையைக் கடக்கும் இடமான மெதிகாவுக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரம். 2022 பிப்ரவரி கடைசியில் உக்ரைனில் படித்த நம் மருத்துவ மாணவர்கள் பலர் அந்த வழியாக நடந்து வந்தார்கள். தமிழ் பேச ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. என்னிடம் கார் இல்லை. கூட வேலை செய்கிறவர், நாற்பது வயது, அதுவரை என்னிடம் "செஷ்ச்" என்ற வணக்கத்துக்கு மேல் பேசாதவர், சாவியை எடுத்துக்கொண்டு "வா" என்றார். நான்கு நாள் தொடர்ந்து ஓட்டினார்.

எல்லைக்குப் பக்கத்து ஊரான ப்ஷெமிஷ்லின் ரயில் நிலையத்தில் பார்த்ததை மறக்க முடியாது. பிளாட்பாரத்தில் வரிசையாகக் குழந்தை வண்டிகள், ஆளில்லாமல். கைக்குழந்தையோடு இறங்கும் தாய்மார்களுக்காகப் போலந்துப் பெண்கள் தங்கள் வீட்டு வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வண்டிக்குள் போர்வையும் ஒரு ஜோடி சின்னக் காலுறையும் மடித்து வைத்திருந்தது. அதே ஊரில் அதே வாரத்தில் நிறம் பார்த்து வெளிநாட்டு இளைஞர்களைத் துரத்தி அடித்த கும்பலும் இருந்தது. இரண்டும் நடந்தது, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

அந்த நண்பர் ஓர் உக்ரைன் தாயையும் ஆறு வயது மகனையும் ஐந்து மாதம் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். இரண்டு அறை வீடு. தன் மகளை வரவேற்பறையில் படுக்க வைத்தார். அப்படிப்பட்டவர் இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? பிள்ளைகளுக்கான உதவித்தொகை 2024இல் 800 ஸ்வாட்டி ஆனது, அப்போது உக்ரைன் குடும்பங்களுக்கும் கிடைத்தது. வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் அது என்று நிபந்தனை வேண்டும் எனச் சொல்லி 2025 ஆகஸ்டில் அதிபர் நவ்ரோட்ஸ்கி ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினார். "சரியாகச் செய்தார்" என்றார் நண்பர். "நான் வரி கட்டுகிறேன். டாக்டரைப் பார்க்க எனக்கு எட்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்."

இதைச் சொன்ன அன்றைக்கே மதியம் காப்பியோடு ஒதுங்கி நின்று அந்தப் பையனுக்கு போன் செய்தார். இங்கே பிறந்தநாளைப் போலப் பெயர்நாளும் (பெயருக்குரிய புனிதரின் நாள்) கொண்டாடுவார்கள் அல்லவா, அன்றைக்கு அந்தப் பையனின் பெயர்நாள். அவர் பாடிய வாழ்த்துப் பாட்டு அலுவலகம் முழுக்கக் கேட்டது.

---

வார்சாவிலிருந்து மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. இப்படிப் பேச்சு வரும் என்று நினைக்கவில்லை. தங்கை எழுதிய "நீ வேற" என் வீட்டிலும் உண்டு, வேறு வடிவத்தில். நான் குடிவந்த முதல் வாரம் வீட்டுக்காரம்மா எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் என்னை நடத்திக் கூட்டிப்போய், நாங்கள் இருக்கும் ஒஹோட்டா பகுதியில் ஒரு சின்னப் பூங்காவைக் காட்டினார். நல்ல மகாராஜா சதுக்கம். இரண்டாம் உலகப் போரில் சோவியத் மண்ணிலிருந்து தப்பி வந்த போலந்துக் குழந்தைகளை 1942இல் குஜராத்தின் பாலாச்சடியில் தங்க வைத்துக் காப்பாற்றிய நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்கின் நினைவாக வைத்த பெயர். அம்மாவுக்கு நான் அந்த மகாராஜா ஊர்க்காரன். தமிழ்நாடு வேறு, குஜராத் வேறு என்று விளக்கியும் மாற்றிக்கொள்ளவில்லை.

நவம்பர் 1 நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சகல புனிதர் நாள். நாடே கல்லறைக்குப் போகும். வார்சாவில் இதற்கென்றே 'சி' எழுத்துப் போட்ட தனிப் பேருந்துகள் ஓடும். அம்மாவால் விளக்குப் பெட்டியைத் தூக்க முடியவில்லை, என்னைக் கூப்பிட்டார். ப்ரூத்னோ கல்லறையில் மகள் ஏற்கெனவே வந்து, கல்லில் ஒட்டிய ஈர இலைகளைச் சின்னத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார். இருவரும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். அம்மா தண்ணீர் ஊற்ற, மகள் தேய்த்தார். சாமந்தித் தொட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்று மட்டும் பேசினார்கள்.

அது அம்மாவின் கணவர் கல்லறை. கம்யூனிச ஆட்சியை எதிர்த்த சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்து ஆள். 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்த ராத்திரியே பிடித்துக்கொண்டு போய் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். இன்றைக்கு எதிரெதிராக நிற்கும் இரண்டு அணிகளும் அந்த ஒரே இயக்கத்திலிருந்து வந்தவைதான். சட்டமும் நீதியும் கட்சியைத் தொடங்கிய கச்சின்ஸ்கி சகோதரர்களும் டஸ்க்கும் அன்றைக்கு ஒரே பக்கம்.

இருட்ட ஆரம்பித்ததும் விளக்குகளை ஏற்றினோம். மகள் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தபோது அம்மா என் பக்கம் சாய்ந்து, "இவர் இருந்திருந்தால் என் பக்கம்தான் வாக்களித்திருப்பார்" என்றார்.

திரும்பும் வழியில் கூட்டத்தில் அம்மா நான்கு அடி முன்னால் நடந்தார். மகள் காலி வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, மெதுவாக, அதே வாக்கியத்தைச் சொன்னார்.