‘ஸ்டாப்பிங் பவர்’: நிறுத்து திறனா, தகைவிசையா, ஆற்றற்செலவா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கன அயனிகள் (மின்னூட்டம் பெற்ற கனமான அணுக்கள்) பொருளினூடே செல்லும்போது எவ்வளவு ஆற்றலை இழக்கின்றன என்பதை அளக்கும் செய்முறைக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ஸ்டாப்பிங் பவர்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். ‘நிறுத்து திறன்’ என்று எழுதினால் மாணவருக்கு வாட் அலகே நினைவுக்கு வரும். இலங்கை வழக்கின்படி ‘வலு’ என்றாலும் அதே சிக்கல்தான். இதுவோ ஓரலகு நீளத்தைக் கடக்கையில் இழக்கும் ஆற்றல், பரிமாணப்படி விசை. ஆங்கிலத்திலேயே இப்பெயர் பிழையானது என்று இயற்பியலாளர் பீட்டர் சிக்மண்ட் வாதிட்டு, ‘விசை’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறார்.

மறுமொழி:

‘நிறுத்து’ என்பதையே விட்டுவிடலாம் அம்மா. நிறுத்தல் என்றால் எடை போடுதலும் ஆகும். நிறுத்தலளவை என்று சிறுவயதிலேயே படிக்கிறோம். மேலும், மென்தகட்டைத் துளைத்து மறுபுறம் வெளியேறும் அயனி எங்கே நின்றது? தகைத்தல் என்றால் தடுத்தல். பழைய இலக்கியத்தில் காவலுள்ள கட்டடப் பகுதிக்குத் தகைப்பு என்றே பெயர். ஆகவே ‘தகைவிசை’. அழகு, பெருமை, தகுதி ஆகிய பொருள்களிலும் ‘தகை’ வருவதால் இவற்றின் வேர் ஒன்றா வேறா என்பது தனியே ஆராயத்தக்கது. எனக்கு ஒன்றென்றே படுகிறது.

மறுமொழி:

ஐயா, வேராராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்வோம். பொறியியல் மாணவருக்குத் ‘தகைவு’ என்பது ஓரலகுப் பரப்பின் மீதான விசை. பக்கத்திலேயே தகைவிசையும் வந்தால் குழப்பம் உறுதி. எடை போடுதலைக் குறையாகச் சொன்னீர்கள். எங்கள் அளவீடு தொடங்குவதே அங்கேதான். ஒரு மைக்ரோமீட்டர் அலுமினியத் தகட்டின் தடிமனைச் சதுர சென்டிமீட்டருக்கு 0.27 மில்லிகிராம் என்றே சொல்வோம். தகட்டை நுண்தராசில் நிறுத்துப் பரப்பால் வகுத்தால் சராசரி மட்டுமே கிடைக்கும் என்பதால், அமெரிசியம்-241 உமிழும் 5.486 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா துகளை, அயனிக் கற்றை விழவிருக்கும் அதே இடத்தில் செலுத்தி, அது இழக்கும் ஆற்றலிலிருந்து அவ்விடத்துத் தடிமனைச் சரிபார்ப்போம். பிறகு கன அயனியின் ஆற்றலைத் தகடு இல்லாமலும் தகட்டை வைத்தும் அளந்து, வேறுபாட்டைத் தடிமனால் வகுப்போம். ஆற்றலை அளக்கும் சிலிக்கான் உணரி கன அயனியின் ஆற்றலைக் குறைத்துக் காட்டும் என்பதால், பறக்கும் நேரத்தை அளந்து ஆற்றலைக் கணக்கிடுவதும் உண்டு.

என் பரிந்துரை ‘ஆற்றற்செலவு’. செலவு என்றால் பயணம், செலவழித்தல் இரண்டும். பாலைத் திணையில், தலைவன் பயணத்தைத் தவிர்ப்பதைப் பாடும் செலவழுங்கல் என்று ஒரு துறையே இருக்கிறது. அயனி செல்கிறது, செல்லச் செல்லச் செலவழிக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

மறுமொழி:

ஆற்றற்செலவு என்றதும் வாசகர் மின்கட்டணத்தை நினைப்பார். அதோடு, இழப்புக்கு எலெக்ட்ரான்களால் ஒன்று, அணுக்கருக்களால் ஒன்று என இரு கூறுகள் உண்டே. ‘அணுக்கரு ஆற்றற்செலவு’ என்றால் அணு உலைக் கணக்குப்போல் ஒலிக்கிறது. உண்மையில் அது, சுற்றியுள்ள எலெக்ட்ரான்களால் மறைக்கப்பட்ட கருவோடு அயனி மீட்சியுற மோதுவதால் வருவது. அணுக்கரு வினை ஏதும் அதில் இல்லை. ‘நிறுத்து விசை’ அழகில்லை, ஆனால் விளங்கும்.

மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. மூவர் ‘நிறுத்து விசை’ என்று தனிமடலிலும் எழுதியிருக்கிறார்கள்; ஒருவர், எதுவானாலும் சரி, இத்தோடு விடுங்கள் என்கிறார். ஆகவே கையேட்டில் ‘நிறுத்து விசை’ என்றே வரும். முதல் இடத்தில் மட்டும் ‘ஸ்டாப்பிங் பவர்’ என்பதும் உடன் இருக்கும். ஒரே ஆற்றலோடு புகுந்த அயனிகள் வெவ்வேறு ஆற்றலோடு வெளிவரும் விரவலுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

மறுமொழி:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், என் சொற்பட்டியலில் ‘தகைவிசை’ அப்படியே இருக்கும். மாற வேண்டியது பொறியியலாரின் ‘தகைவு’தான்.