டிஎஸ்எல்ஆரா, பாக்கெட் கேமராவா? ரெண்டையும் வாங்கிப் பாத்தவங்க கதைய போடுங்க

ஆபீஸ்ல மாசத்துக்கு ஒருத்தராவது வந்து கேக்குறாங்க, "ஜி, முதல் கேமரா வாங்கப் போறேன், பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு தேத்தவா இல்ல அந்த ஒன் இன்ச் சென்சார் பாக்கெட் கேமரா எடுக்கவா"ன்னு. டிஎஸ்எல்ஆர்னா உள்ள கண்ணாடி வச்ச, லென்ஸ் கழட்டி மாட்டுற பெரிய கேமரா; சென்சார்னா உள்ள படம் பதியுற சில்லு. ஸ்பெக் படிச்சுச் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் ரெண்டையும் காசு குடுத்து வாங்கி வருஷக்கணக்குல சொமந்தவன், அதனால என் கதைய சொல்றேன், நீங்களும் சொல்லுங்க. கேனான் நிக்கான் சண்டை மட்டும் வேணாம்.

2014 கடைசில பொண்ணு பொறந்தா. அந்த குஷில கேனான் 1200டி, 18-55, 55-250 ரெண்டு லென்ஸ், ஒரு பை, ஒரு ட்ரைபாட்னு மொத்தமா வாங்கிட்டேன். கடைல இருந்தவர் ஒரு வார்த்த சொன்னார், "சார் இது ஆரம்பம்தான், இதுக்கு மேல லென்ஸ் மாத்திக்கிட்டே போலாம்". அந்த "மாத்திக்கிட்டே போலாம்"லதான் நான் விழுந்தேன். இத்தன வருஷத்துல நான் அதுக்கப்புறம் வாங்குன லென்ஸ் ஒண்ணே ஒண்ணு, 50 எம்எம் எஃப் 1.8. அருமையான லென்ஸ்தான், ஆனா அந்த பாடில மாட்டுனா 80 எம்எம் பார்வை ஆயிடும், அதாவது எல்லாத்தையும் கிட்டக்க இழுத்துக் காட்டும், எங்க வீட்டு ஹால்ல கொழந்தைய முழுசா ஃப்ரேம்ல கொண்டு வர பின்னாடி பின்னாடி போயி முதுகு பீரோல இடிக்கும்.

மொத ஆறு மாசம் வெறித்தனமா எடுத்தேன், தூங்குறது, கொட்டாவி விடுறது, எல்லாம். அப்புறம் பை பீரோ மேல ஏறிடுச்சு. நாளு கெழமைனா எறக்குறது, தூசி தட்டுறது, பாத்தா பேட்டரி செத்துக் கெடக்கும். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போனப்ப நல்ல வெயில், செருப்பக் கழட்டிட்டு கல்லு தரையில ஓடுறோம், ஒரு தோள்ல கேமரா பை, ஒரு கையில தண்ணி பாட்டில், பொண்ணு வேற தூக்குன்னு அழுவுறா. வீட்டம்மா நின்னு கேட்டாங்க, "பையத் தூக்குறீங்களா புள்ளயத் தூக்குறீங்களா, ஒண்ண முடிவு பண்ணுங்க". பை கார் டிக்கிக்குப் போச்சு. அன்னைக்கு நந்தி முன்னாடி எடுத்த படம் போன்ல எடுத்ததுதான், இன்னைக்கு வரைக்கும் ஹால்ல மாட்டிருக்குறது அதான்.

2017ல ஒரு நண்பர் அவரோட சோனி ஆர்எக்ஸ்100 மூணாவது மாடல வித்தார், வாங்குனேன். மேல சொன்ன ஒன் இன்ச் சென்சார் பாக்கெட் கேமராதான் இது. 290 கிராம். 1200டி வெறும் பாடியே 480, லென்ஸ் தனி. இத பேண்ட் பாக்கெட்ல போட்டுட்டு காய்கறி வாங்கக் கூட போயிருக்கேன். பாட்டி கடைசி தீபாவளிக்கு அதிரசம் தட்டுன கை, பொண்ணு ஸ்கூல் பஸ்ல ஏற மாட்டேன்னு கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னது, இதெல்லாம் பீரோ மேல இருந்து பை எறக்கி எடுக்குற படமா சொல்லுங்க?

* * *

அண்ணா உங்க கதை நல்லாத்தானுங்க இருக்கு, ஆனா எனக்கு அப்படியே தலகீழா நடந்துச்சு. நான் மொதல்லயே ஆர்எக்ஸ்100 வாங்குனவன், 2012ல வந்துச்சே அந்த முதல் மாடல். எல்லாரும் புகழ்றாங்கன்னு வாங்கிட்டனுங்க, வாங்குறப்ப நான் என்ன எடுக்கப் போறேன்னு ஒரு நிமிசம் கூட யோசிக்கல. எனக்குப் பறவைக் கிறுக்கு. காலைல சிங்காநல்லூர் குளத்துக்குப் போயி கூழைக்கடாவ எடுத்தா படத்துல குளம்தான் இருக்குது, பறவைய விரல் வெச்சுத் தேடோணும். 28ல இருந்து 100 எம்எம் வரைக்கும்தானுங்க அந்த லென்ஸ், அதுக்கு மேல அது என்ன பண்ணும் பாவம். வெயில்ல ஸ்கிரீனும் தெரியாது, அந்த மாடல்ல கண்ணு வெச்சுப் பாக்குற வ்யூஃபைண்டரும் கெடையாது, குத்துமதிப்பா நீட்டிப் புடிச்சு அமுக்கோணும்.

அப்புறம் பழைய நிக்கான் டி3300 ஒண்ணு வாங்குனேன். அதுல நான் பண்ணுன முட்டாள்தனத்தயும் சொல்லீர்றேன், யாருக்காச்சும் உதவும். சல்லிசா கெடைக்குதுன்னு ஒரு பழைய 70-300 லென்ஸ் புடிச்சேன், வீட்டுக்கு வந்து மாட்டுனா ஆட்டோஃபோகஸ் வேலையே செய்யல. லென்ஸ் ரிப்பேர்னு நெனச்சு ரெண்டு நாள் தூக்கமில்ல. விசயம் என்னன்னா நிக்கான்ல 3000, 5000 வரிசை பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டரே கெடையாதுங்க, லென்ஸ்லயே மோட்டர் இருக்கோணும், ஏஎஃப்-எஸ்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்கோணும். வெறும் ஏஎஃப், ஏஎஃப்-டின்னு இருந்தா கையால திருப்பிக்க வேண்டியதுதான். நான் ஆறு மாசம் கையாலதான் திருப்புனேன். நத்தைகுத்தி நாரை சும்மா நின்னுட்டு இருக்கும் பரவால்ல, மீன்கொத்திய கையால ஃபோகஸ் பண்ணிப் பாருங்க, அப்பத் தெரியும்.

இப்ப சரியான லென்ஸ் இருக்குது. பேட்டரி ஒரு சார்ஜ்ல 700 படம்னு போட்டிருக்காங்க, ஸ்கிரீனப் போடாம வ்யூஃபைண்டர்லயே பாத்தா அதத் தாண்டியும் போகுது. பாக்கெட் கேமராவுல 330தான். பாக்கெட் கேமராவ அக்கா பையனுக்குக் குடுத்துட்டேன்.

* * *

வெயிட்டப் பத்தி எல்லாரும் சொல்றீங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன். டிஎஸ்எல்ஆர எடுத்துட்டுப் போனா சொந்தக்காரங்க நம்மள போட்டோகிராஃபர் ஆக்கிருவாங்க. தங்கச்சி வளைகாப்புக்கு வீட்டுக்காரரோட கேமராவ மாட்டிக்கிட்டுப் போனேன், ஒரே வரிச, "ஏம்மா எங்க குடும்பத்த ஒண்ணு எடு", "மாமாவோட தனியா ஒண்ணு எடு". எல்லாம் முடிஞ்சு பந்திக்குப் போனா புளியோதரையும் தேங்காசாதமும் காலி, தயிர்சாதம்தான் கெடந்துச்சு. அது போக, பெரிய லென்ஸப் பாத்த ஒடனே அத்தனை பேரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு மாதிரி வெறப்பா உக்காந்துக்குவாங்க, சிரிச்சுக்கிட்டு இருந்த அத்தை கூட வாய மூடிக்கும்.

படமும் நல்லா வரல, ட்யூப்லைட் வெளிச்சம், உள்ள இருந்து எந்திரிக்கிற ஃப்ளாஷப் போட்டா எல்லார் மூஞ்சியும் எண்ணெய் வடிஞ்ச மாதிரி, பின்னாடி சுவத்துல கருப்பா நெழலு. தனி ஃப்ளாஷ் வாங்கி கூரையப் பாக்கத் திருப்பி அடிச்சா அருமையா இருக்கும்னு இவர் சொன்னாரு, சொன்னதோட சரி.

இப்ப என் கிட்ட இருக்கதும் ஆர்எக்ஸ்100தான். அதுல ஒரு வேல இருக்கு, ரொம்பப் பேருக்குத் தெரியாது. அந்தக் குட்டி ஃப்ளாஷ் ஒரு கம்பி மேல நிக்கிது பாருங்க, அத ஆள்காட்டி வெரலால மெதுவா பின்னாடி சாய்ச்சுப் புடிச்சுக்கிட்டு எடுத்தீங்கன்னா வெளிச்சம் கூரையில பட்டு மேல இருந்து பூ மாதிரி எறங்கும். வெள்ளச் சுண்ணாம்பு அடிச்ச தாழ்வான கூரையா இருந்தா போதும். மண்டபத்துல வேலைக்காகாது, அங்க கூரை எங்கயோ இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு காதுகுத்து எடுத்துக் குடுத்தேன், எந்த ஸ்டுடியோன்னு கேக்குறாங்க.

* * *

பாக்கெட் கேமரா கோஷ்டிக்கு ஒரு கசப்பு மருந்து. தனுஷ்கோடி போயிருந்தோம், காத்துன்னா அப்படி ஒரு காத்து, மணல் ஊசி மாதிரி கால்ல குத்துது. என் கைல பெரிய சென்சார் பாக்கெட் கேமரா ஒண்ணு, எந்த கம்பெனின்னு வேணாம். ஆன் பண்ணா லென்ஸ் வெளிய நீளுது, ஆஃப் பண்ணா உள்ள போவுது, நீண்டு நீண்டு உள்ள போறப்பல்லாம் மணலையும் கூடவே இழுத்துட்டுப் போயிருக்கு. சாயங்காலம் கர்ர்ருனு ஒரு சத்தம், பாதில நின்னுடுச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லி ஸ்கிரீன்ல வருது. நூறு தடவ பண்ணியிருப்பேன். சர்வீஸ்ல மொத்த லென்ஸ் யூனிட்டயே மாத்தணும்னுட்டாங்க, அவங்க சொன்ன தொகைக்கு பழைய கேமரா ஒண்ணே வாங்கிடலாம். டிஎஸ்எல்ஆரா இருந்தா அந்த லென்ஸ ஓரமா வச்சுட்டு வேற லென்ஸ மாட்டிட்டுப் போய்ட்டே இருக்கலாம், நம்மளுது லென்ஸ் போனா கேமராவே போச்சு.

அதுக்காக டிஎஸ்எல்ஆர் அழியாததுன்னு நெனச்சுக்காதீங்க. எங்க அண்ணன் மெட்ராஸ்ல ரெண்டு மழைக்காலம் பைய தொறக்காமயே வச்சிருந்து எடுத்துப் பாத்தா லென்ஸுக்குள்ள செலந்தி வல மாதிரி ஃபங்கஸ். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல், இவ்ளோதான் செலவு, அதக் கூட செய்யல. கேமராவுக்கு வெளிச்சமும் காத்தும் காட்டணும், எடுக்காம வச்சாதான் சீக்கு வருது.

* * *

நான் பாலிடெக்னிக்ல பாடம் எடுக்குறவன், கணக்கு போடாம இருக்க முடியாது, மன்னிச்சுக்கோங்க.

ஒன் இன்ச்னு பேரே ஒழிய அந்த சென்சார்ல எந்தப் பக்கமும் ஒரு இன்ச் இல்ல, மூலைக்கு மூலை அளந்தாலும் 16 எம்எம்தான். பழைய டிவி கேமராக்கள்ல இருந்த கண்ணாடிக் குழாயோட வெளி விட்டத்த வச்சு சொன்ன கணக்கு, குழாய் போயும் பேரு போகல. நெஜ அளவு 13.2க்கு 8.8 எம்எம். கேனான் டிஎஸ்எல்ஆர்ல இருக்குற சென்சார், ஏபிஎஸ்-சின்னு பேரு, 22.3க்கு 14.9. பரப்பு போட்டுப் பாத்தா 116 சதுர எம்எம்முக்கு 332, அதாவது டிஎஸ்எல்ஆர் சென்சார் கிட்டத்தட்ட 2.9 மடங்கு பெருசு. இதோட நிறுத்திட்டு "பாத்தியா டிஎஸ்எல்ஆர்தான் ராத்திரிக்கு நல்லது"ன்னு முடிச்சுடறாங்க.

ஆனா வெளிச்சம் சென்சாருக்கு லென்ஸ் வழியாத்தான வந்தாகணும். எஃப் நம்பர் கொறையக் கொறைய உள்ள வர்ற வெளிச்சம் கூடும். கேமராவோடயே வர்ற 18-55 கிட் லென்ஸ் அகலமான பக்கத்துல எஃப் 3.5, ஆர்எக்ஸ்100 மூணாவது மாடல் எஃப் 1.8. 3.5ஐ 1.8ஆல வகுத்து வர்க்கம் போடுங்க, 3.8 வரும். சென்சார்ல 2.9 மடங்கு தோக்குறான், லென்ஸ்ல 3.8 மடங்கு ஜெயிக்கிறான், அப்ப ஒரே ஷட்டர் ஸ்பீடுல பாக்கெட் கேமராவுக்குத்தான் கொஞ்சம் கூட வெளிச்சம். ஜூம் பண்ணப் பண்ண கிட் லென்ஸ் 5.6க்குப் போயிடும், ஆர்எக்ஸ்100 மூணாவது மாடல் கடைசி வரைக்கும் 2.8ஐத் தாண்டாது. முதல் மாடல் அப்படி இல்ல, ஜூம் கடைசில 4.9, அங்க டிஎஸ்எல்ஆர் முந்திடும்.

இப்ப அதே டிஎஸ்எல்ஆர்ல ஒரு 50 எஃப் 1.8ஐயோ, நிக்கான்னா 35 எஃப் 1.8ஐயோ மாட்டுங்க, ஆட்டம் முடிஞ்சது, முழுசா அந்த 2.9 மடங்கும் ஒங்களுக்கே. அதனாலதான் என் ஸ்டூடண்ட்ஸ் கேட்டா நான் கேமராவப் பத்தி பேசறதே இல்ல, ரெண்டாவது லென்ஸ் வாங்குவியா மாட்டியா, உண்மைய சொல்லுன்னுதான் கேப்பேன். வாங்குவேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அடுத்த வருஷம் கேட்டா கல்யாணம், ஈஎம்ஐ, பைக்.

* * *

சார் கணக்கு சூப்பர், ஆனா ஒன் இன்ச்ச மட்டும் பேசுனா எப்டி. பாக்கெட்லயே ஏபிஎஸ்-சி இருக்கு. என் கைல 2013ல வந்த ரிக்கோ ஜிஆர், 245 கிராம், டிஎஸ்எல்ஆர்ல இருக்குற சைஸ் சென்சாரே உள்ள இருக்கு. ஜூம் கெடையாது, 28 எம்எம் பார்வை, அவ்ளோதான், வேணும்னா நடந்து போ. காசிமேட்டுக்கு விடியக்கால நாலு மணிக்குப் போவேன், படகு வந்து நிக்கும், ஏலம் போய்ட்டிருக்கும், ஐஸ் ஒடைக்கிற சத்தம். மொதல்லாம் டிஎஸ்எல்ஆரோட போனப்ப மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க கத்துனாங்க, "இன்னா, பேப்பர்ல போடப் போறியா". இப்ப அதே அக்கா முன்னாடி நின்னு எடுக்குறேன், கண்டுக்கறதே இல்ல, என்னமோ பழைய போன்னு நெனச்சுட்டாங்க போல. கண்ணாடி டப்பு டப்புன்னு தூக்கி அடிக்கிற சத்தமும் கெடையாது. ஸ்னாப் ஃபோகஸ்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு மீட்டர்னு செட் பண்ணி வச்சுட்டா ஃபோகஸ் தேடாது, அமுக்குனா எடுத்துடும், கூட்டத்துல எடுக்குறவனுக்கு அது ஒண்ணு போதும். எடுத்ததுக்கப்புறம் படத்தக் காட்டுறேன், அனுப்பச் சொன்னா அனுப்புறேன், திருட்டுத்தனமா எடுக்குறன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. பறவை எடுக்கணும்னா கோவைக்கார ப்ரோ பின்னாடிதான் போகணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல.

* * *

புதுசா வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்த. மேல சொன்ன டிஎஸ்எல்ஆர் எதுவும் இப்ப புதுசா கடைல இருக்காது, நிக்கான் 3000 வரிசைல டி3500 தான் கடைசி, அதையும் நிறுத்திட்டாங்க. ஆக அதெல்லாம் செகண்ட்ஹேண்ட்தான். ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரைக்கும் எத்தன படம் அடிச்சிருக்குன்னு கேளுங்க, டி3300 மாதிரி பாடிக்கு ஒரு லட்சம் தடவை அடிச்சு டெஸ்ட் பண்ணிருக்காங்க, பத்தாயிரம் இருபதாயிரம் ஓடுனது தாராளமா எடுக்கலாம். லென்ஸ டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. பழைய பாக்கெட் கேமராவா இருந்தா பத்து தடவ ஆன் ஆஃப் பண்ணி லென்ஸ் சத்தத்தக் கேளுங்க, அப்புறம் எஃப் 11, 16ல வெறும் வானத்த ஒரு படம் எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க, உள்ள தூசி இருந்தா கருப்பு புள்ளியா தெரிஞ்சுடும். அதுல லென்ஸக் கழட்டி ஊத முடியாது.

* * *

ஆரம்பிச்சு வச்சவன் திரும்ப வந்துட்டேன். வாத்தியார் சார் கேள்விய படிச்சதும் பீரோ மேல இருந்து பைய எறக்குனேன். ஃபங்கஸ் இல்ல, சிலிக்கா ஜெல் போட்டு வச்சதுதான் நான் பண்ண ஒரே நல்ல காரியம் போல. பொண்ணுக்கு இப்ப பத்து வயசு தாண்டிடுச்சு, பை எறங்குனதப் பாத்து ஓடி வந்தா. 50 எம்எம்ம மாட்டிக் குடுத்தேன். வ்யூஃபைண்டர்ல கண்ணு வச்சவ எடுக்கவே இல்ல, ரொம்ப நேரம் அதுக்குள்ளயே வீட்டச் சுத்திச் சுத்திப் பாத்துட்டிருந்தா. இந்த வாரம் பூரா அவ ஸ்கூல்ல இருந்து வந்ததும் அதான் வேல, பூனைய எடுக்குறா, பாதி ஃபோகஸ் இல்ல. பாக்கெட் கேமராவ நீட்டுனேன், வேணாமாம், இதுதான் நெஜ கேமரா மாதிரி சத்தம் போடுதாம்.

55-250 மட்டும் அப்படியே புதுசா இருக்கு, அத யாரும் தொடல. கோவைத் தம்பி, உங்களுது நிக்கான்னு சொல்லிட்டீங்க, சேராது. கேனான் வச்சிருக்குற பறவைக்காரங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, வந்து எடுத்துட்டுப் போங்க, காசெல்லாம் வேணாம், கூழைக்கடா படம் ஒண்ணு அனுப்புனா போதும்.