ஐந்து வயதுப் பிள்ளையை மாயாஜாலப் படத்துக்குக் கூட்டிப் போகலாமா?

மஞ்சக்குப்பம் அம்மா (கடலூர்):
லீவில் பிள்ளைகளைப் படத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். தமிழில் டப்பிங் செய்த தேவதைக் கதை. இளவரசி, பேசும் மரம், சூனியக்காரி எல்லாம் உண்டு. பெரியவனுக்கு எட்டு வயது, அவனைப் பற்றிக் கவலை இல்லை. சின்னவளுக்கு ஐந்து. ஆயா சொல்லும் ராட்சசன் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். ஆனால் டிவியில் கண் சிவந்த முகம் ஒன்று வந்தால் ஓடிவந்து என் முந்தானைக்குள் புகுந்துகொள்வாள். சான்றிதழ் யுஏ 7+. என்ன செய்யலாம்?

நெல்லிக்குப்பம் தாத்தா:
தாராளமாகப் போங்கம்மா. திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடிய கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். துச்சாதனனைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை.

முத்தியால்பேட்டை டீச்சர் (புதுச்சேரி):
ஐயா, கூத்தை நானும் ரசிப்பவள்தான். ஆனால் அங்கே வேஷம் கட்டும் இடத்தைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிடுவார்கள். அரிதாரம் பூசுவது பக்கத்துத் தெரு மாமா என்று தெரியும். பயம் ஏறும்போது கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். தியேட்டரில் இருட்டு, சுவர் அளவு முகம், நெஞ்சில் இடிக்கும் சத்தம். இரண்டும் ஒன்றில்லை.

எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளோடு பல வருடமாக இருக்கிறேன். இந்த வயதுக்குக் கெட்டவன் யார் என்பது பெரிய விஷயமே இல்லை, கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் எல்லாம். அமெரிக்காவில் ஜோஆன் கேன்டர் என்ற பேராசிரியர் ஹல்க் தொடரை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். சாதுவான மனிதன் பச்சை ராட்சசனாக மாறுவான், ஆனால் காப்பாற்றத்தான் வருவான். பெரிய பிள்ளைகளுக்கு அது புரிந்தது. சின்னப் பிள்ளைகளோ அவன் உருமாறும் நேரத்தில்தான் அதிகம் பயந்தார்கள்.

அதனால் படம் பார்த்தவர் யாரையாவது பிடித்து, தெரிந்த முகம் ஒன்று கண்ணெதிரே மாறுகிறதா என்று கேளுங்கள். அம்மா சாகிறாளா, பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளா என்றும் கேளுங்கள். தேவதைக் கதைகளில் அம்மா இல்லாமல் போவது சாதாரணம். என் வகுப்புப் பிள்ளைகள் டிராகனை ஒரே நாளில் மறந்துவிடுவார்கள். தொலைந்துபோன அம்மாவைப் பற்றி வாரக்கணக்கில் கேட்பார்கள்.

யுஏவை இப்போது 7, 13, 16 என்று பிரித்திருக்கிறார்கள். ஏ சான்றிதழ் போல அது தடை இல்லை. ஏழுக்குக் கீழே என்றால் நீங்கள் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றுதான் பொருள்.

கூட்டிப் போனால் கதையை முடிவு வரை முன்னாடியே சொல்லிவிடுங்கள். ஓரத்து சீட் எடுங்கள். பயந்தால் "சும்மா, பொய்தான்" என்பது ஐந்து வயதுக்கு எடுபடாது. மடியில் இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், அழுதால் தயங்காமல் வெளியே வந்துவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

லாஸ்பேட்டை அப்பா:
வீட்டில் ஓடிடியில் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். போஸ்டரை நம்பாதீர்கள். 2006இல் வந்த 'பேன்ஸ் லேபிரிந்த்' ஸ்பானியப் படத்தில் சிறுமி, குட்டித் தேவதைகள், மாய உலகம் எல்லாம் இருக்கும். ஆனால் அது உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஸ்பெயினின் கொடுமையைச் சொல்லும் படம், அமெரிக்காவில் ஆர் சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். தேவதைக் கதை என்ற வகை வேறு, குழந்தைப் படம் வேறு.

மஞ்சக்குப்பம் அம்மா:
டீச்சர், ரொம்ப நன்றி. படம் பார்த்துவிட்ட என் நாத்தனாரைக் கேட்டேன். சித்தி கண்ணாடி முன்னால் நின்று கிழவியாக மாறுகிறாளாம், தோல் சுருங்குவதைக் கிட்டத்தில் காட்டுகிறார்களாம். சரி, பெரியவன் அப்பாவோடு போகட்டும், நானும் சின்னவளும் சில்வர் பீச் போகிறோம். ஒரே சந்தேகம், அவன் வந்து அந்தக் காட்சியைத் தங்கச்சியிடம் நடித்துக் காட்டுவானே?

முத்தியால்பேட்டை டீச்சர்:
காட்டட்டும் விடுங்கள். காதால் கேட்கும் சூனியக்காரியை அவள் தனக்குத் தாங்குகிற அளவில்தான் நினைத்துக்கொள்வாள். தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவையுங்கள்.