பதில்: அரீனாவுக்குத் தமிழ்: மூடரங்கா, உள்விளையாட்டு அரங்கமா, உள்ளக அரங்கா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அரீனா, அதாவது சுற்றிலும் இருக்கை வைத்துக் கூரை போட்ட பெரிய ஆட்டக்கூடம், அதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று கேள்வியைக் கிளப்பிவிட்டு நான் நழுவிவிட்டதாக நினைக்க வேண்டாம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து அணிகளின் வரலாற்றுக் கட்டுரையில் அரீனா என்று வரும் இடங்களுக்கெல்லாம் மஞ்சள் பூசி வைத்துவிட்டு உங்கள் மடல்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக்கு நாலு மஞ்சள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மூடரங்கு என்று வைத்தால் என்ன? சின்னச் சொல், நாக்கில் நிற்கும்.

நிற்கும்தான். ஆனால் எழுதிப் பார்த்தால் என் கண்ணுக்கு அது "மூடர் அங்கு" என்றுதான் பிரிகிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போனவர் சும்மா விடுவாரா?

> நாளிதழ்கள் எழுதுகிற உள்விளையாட்டு அரங்கம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, இதில் "உள்" எதோடு ஒட்டுகிறது என்பது ஒரு சிக்கல். அதை விட்டுத்தள்ளினாலும் "விளையாட்டு" என்னை உறுத்துகிறது. சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா அங்கேதான் நடந்தது, ஆட்டங்கள் நடந்ததோ மாமல்லபுரத்தில். அரங்கின் பெயரில் விளையாட்டு இருந்தது, அன்றைக்கு உள்ளே இருந்தது ஆட்டமும் பாட்டும் மேடைப்பேச்சும். இந்த மாதிரிக் கட்டடங்களின் பிழைப்பே அப்படித்தான். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் இதுவரை நான்கு கட்டடம் மாறிவிட்டது: 1879, 1890, 1925, 1968. மூன்றாவதைக் கட்டும்போதே மேடிசன் சதுக்கத்தை விட்டுப் போய்விட்டார்கள். கார்டன் என்ற பேருக்கேற்ற தோட்டமும் கிடையாது, பேர் மட்டும் கூடவே போகிறது. அந்த மூன்றாவதைக் கட்டிய டெக்ஸ் ரிக்கார்ட் குத்துச்சண்டைப் பந்தயங்கள் நடத்திக் காசு பார்த்தவர். குத்துச்சண்டை, சர்க்கஸ், அரசியல் கூட்டம், எது வந்தாலும் அவருக்கு வாடகைதான்.

நான் கட்டுரைக்காகப் படிக்கப் போய் அசந்துபோன இடமும் இதுதான். முதலில் கிளப், அப்புறம் அது வளர்ந்து தனக்கென்று ஒரு இடம் கட்டும் என்றுதான் நம் ஊர் வழக்கத்தை வைத்து நினைத்திருந்தேன். அங்கே பல இடங்களில் நேர் தலைகீழ். கட்டடம் முதலில், காலியாகக் கிடக்கும் ராத்திரிகளை நிரப்ப அப்புறம்தான் அணி. 1946-இல் இன்றைய கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வுக்கு முன்னோடியான பி.ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கூடைப்பந்து ஆட்களே இல்லை. அரங்கு நடத்துகிறவர்கள், பலருக்கும் ஏற்கெனவே ஹாக்கி அணி உண்டு. ஹாக்கி இல்லாத நாளில் விளக்கெரிய ஏதாவது வேண்டுமே. பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியைத் தொடங்கிய வால்டர் பிரௌன் பாஸ்டன் கார்டன் என்ற அரங்கை நடத்தியவர்.

அந்த லீகின் முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1, டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸில். பேரிலேயே தெரிகிறது அது மேப்பிள் லீஃப்ஸ் ஹாக்கி அணியின் வீடு என்று. 7,090 பேர் வந்தார்கள், நியூயார்க் நிக்ஸ் 68-66 என்று டொராண்டோ ஹஸ்கீஸை வென்றது. கூட்டம் சேர்க்க ஒரு உத்தி செய்தார்கள்: ஹஸ்கீஸின் மிக உயரமான ஆட்டக்காரர் 6 அடி 8 அங்குலம், அவரைவிட உயரமானவர்களுக்கு டிக்கெட் இலவசம். (யாராவது கிடைத்தார்களோ என்னவோ.) ஹஸ்கீஸ் ஒரே பருவத்தோடு மூடிவிட்டது, ஹாக்கி அணி அங்கே 1999 வரை ஆடியது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். "கூரை" இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். கூரைதான் இந்த ஆட்டங்களையே உருவாக்கியது என்பதால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 1875 மார்ச் 3 அன்று மான்ட்ரியலின் விக்டோரியா சறுக்குக்கூடத்தில் முதன்முதலாகக் கூரைக்குக் கீழ் ஹாக்கி ஆட்டம் ஏற்பாடானபோது, பந்து பறந்து பார்க்க வந்தவர்கள் மேல் பட்டுவிடுமோ என்று பயந்து, தட்டையான வட்ட மரத்துண்டை வைத்து ஆடினார்கள். இன்று ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டு, பக், அதன் வாரிசுதான். அணிக்கு ஒன்பது பேர். அந்தப் பனித்தளம் 204 அடிக்கு 80 அடி, இன்றைய வட அமெரிக்க ஹாக்கி லீகான என்.எச்.எல். தளம் 200-க்கு 85. யாரோ சறுக்கி விளையாடக் கட்டிய கூடத்தின் அளவை ஒட்டியே ஒரு ஆட்டம் இன்றுவரை அடங்கிக் கிடக்கிறது! கூடைப்பந்தும் இப்படித்தான். 1891 டிசம்பரில், வெளியே குளிர், உள்ளே சோம்பிக் கிடக்கும் மாணவர்கள், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளைப் பால்கனிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி. வளையம் இன்றும் 10 அடிதான்.

ஆனாலும் "கூரையரங்கு" எனக்குக் கல்யாண மண்டபத்து ஷாமியானாவைத்தான் நினைவுபடுத்துகிறது, மன்னிக்கவும். திடல், மைதானம் இரண்டும் வெட்டவெளி. கொட்டகை எனக்குப் பிடித்த சொல், ஆனால் டூரிங் டாக்கீஸ் அதைக் குத்தகைக்கு எடுத்துவிட்டது.

அரங்கு மட்டும் நாடகமேடையைக் குறிக்கிறது, ஆட்டத்துக்குப் பொருந்தாது என்று வாதாடியவருக்கு: "அரங்கின்றி வட்டாடியற்றே" என்ற குறளைப் பாருங்கள். அங்கே அரங்கு என்பது காய் உருட்டி ஆடக் கிழித்த கட்டம். கட்டம் போடாமல் காய் உருட்டுவதைப் போல, படிக்காமல் சபையில் பேசாதே என்கிறார். (நம் குழுவைச் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.) கோடு கிழித்து ஆடும் இடத்துக்கு அரங்கு என்பது பழைய, நேரான பொருள். இன்னொரு வேடிக்கை, கிளப்புக்கு நாம் எழுதும் கழகம். அதே நூலில் சூது அதிகாரத்தில் "கழகத்துக் காலை புகின்" என்று வருகிறதே, அது சூதாடும் இடம். ஆடுகிற இடத்தின் பேர் பிற்பாடு ஆட்களின் கூட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பாஸ்டனில் நடந்ததை நம் சொல் முன்கூட்டியே செய்துவிட்டது.

அரீனாவின் மூலமும் தெரிந்ததுதானே? லத்தீனில் மணல். ரோமானியர்கள் ரத்தத்தை உறிஞ்ச மணல் பரப்பினார்கள், இடத்துக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது. ஆகவே மூலத்தை மொழிபெயர்ப்பதில் பிரயோசனம் இல்லை. பாஸ்டன் கார்டனில் பனிக்கட்டியின் மேல் பலகை போட்டு, அதன் மேல் கூடைப்பந்து ஆடினார்கள். அதிலும் அந்தப் பலகை, போருக்குப் பிறகு மரத்தட்டுப்பாட்டில் துண்டுதுண்டாகச் சேர்த்து இழைத்த ஓக் மரம். இதில் மணலுக்கு எங்கே போவது? "சொந்த மண்ணில் வென்றது" என்று எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

என் முடிவு: உள்ளக அரங்கு. இலங்கைத் தமிழர் இண்டோர் ஸ்டேடியத்தை "உள்ளக விளையாட்டரங்கு" என்று எழுதிவருகிறார்கள். அதிலிருந்து விளையாட்டை மட்டும் கழற்றிவிட்டால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. ஸ்கார்பரோவிலிருந்து எழுதிய அக்காவும் முதல் மடலிலேயே இதைச் சொன்னார், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதுச்சொல் உண்டாக்கும் ஆசையில் நாம் இருப்பதைப் பார்ப்பதில்லை.

மிச்சம் ஒன்று இருக்கிறது. அரங்கில் வாடகைக்கு ஆடும் அணிக்கு என்ன சொல்வது? 1925-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நியூயார்க் அமெரிக்கன்ஸ் என்ற ஹாக்கி அணி குடிவந்தது. கூட்டம் அலைமோதுவதைப் பார்த்த ரிக்கார்ட், அடுத்த ஆண்டே கார்டனுக்கென்று ரேஞ்சர்ஸ் அணியைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரன் பிள்ளையும் குடித்தனக்காரன் பிள்ளையும் ஒரே முற்றத்தில். அமெரிக்கன்ஸ் 1942-இல் முடிந்துபோனது, ரேஞ்சர்ஸ் இன்றும் ஆடுகிறது. இந்த உறவைச் சொல்லாமல் கட்டுரை நகராது. "குடியணி" என்று எழுதி வைத்திருந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் ஆடுகிறார்கள் என்றாள். இப்போதைக்கு "வாடகை அணி" என்று போட்டிருக்கிறேன், காசுக்கு ஆள் பிடித்த மாதிரி ஒலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை ஒப்படைக்க வேண்டும், யாருக்காவது ஏதாவது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.