மந்தைவெளி வீட்டுக் குழுவில் ஒரு ராக் கச்சேரி

ஞாயிறு

காலை 7:40 – கயல்
எல்லோருக்கும் காலை வணக்கம். வரும் சனிக்கிழமை ஐ.ஐ.டி.யில் சாரங் விழாவின் ராக் கச்சேரி நடக்கிறது. கல்லூரித் தோழிகள் மூவரும் நானும் போக விரும்புகிறோம். மாலையில் தொடங்கி இரவு பத்து மணியளவில் முடியும். அம்மாவிடம் நேற்றே கேட்டேன், குழுவில் பெரியவர்களிடமும் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார். பாடல்களைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டே இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒரு முறையாவது நேரில் நின்று கேட்க வேண்டும் என்பது எனக்கு மிகப் பெரிய ஆசை.

காலை 7:52 – அம்மா
எனக்குப் பாட்டின் மேல் வெறுப்பில்லை. கூட்டத்தை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த இசை நிகழ்ச்சியில், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே நுழைய முடியாமல் குழந்தைகளோடு தவித்துத் திரும்பியதை நாமெல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோமே. பெண் பிள்ளைகள் நான்கு பேர் அப்படியோர் இடத்தில் மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவார்கள்?

காலை 8:05 – வசந்தா பெரியம்மா
கூட்டத்தை விட எனக்குக் காதுதான் கவலை. காது மூக்கு தொண்டைப் பிரிவில் பல வருடம் பணியாற்றியவள் என்பதால் சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது நாங்கள் கடைப்பிடித்த கணக்கு. அப்படிக் குறைத்துக்கொண்டே போனால் நூறு டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான் மிஞ்சும். ராக் கச்சேரி நூறைச் சாதாரணமாகத் தொடும்.

காலை 8:31 – செந்தில் மாமா
அக்கா, கயலை அனுப்பு. ஏன் அனுப்பச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டுமானால், இத்தனை ஆண்டுகளாக நம் வீட்டில் நான் மறைத்து வைத்திருக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா இந்தக் குழுவில் இருக்கிறார் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. அன்வர் வீட்டில் வெள்ளையடிக்க உதவிவிட்டு, இரவு அங்கேயே தங்கி உலகக் கோப்பை ஆட்டம் பார்ப்பேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு விடியற்காலையில் கிளம்பினேன். உண்மையில் அன்வர், பிரபு, ஜெரால்டு, நான் ஆகிய நால்வரும் சென்ட்ரலில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறிப் பெங்களூருக்குப் போனோம். அன்று அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்ற ஆங்கில ராக் குழுவினர் வாசித்தார்கள். இந்தியாவில் அவர்களுடைய முதல் கச்சேரி அதுதான்.

காலை 8:33 – அம்மா
செந்தில்!

காலை 8:50 – செந்தில் மாமா
முழுவதையும் சொல்லிவிடுகிறேன் அக்கா. 1975இல் லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய குழு அது. பத்தாம் வகுப்பில் அன்வர் கொடுத்த ஒரு கேசட்டில்தான் முதன்முதலாகக் கேட்டேன். நாடா தேய்ந்து, ஓரிடத்தில் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். பின்பு நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க்கில் காசு சேர்த்து ஒன்றும், சேராத மாதங்களில் பர்மா பஜாரில் ஒன்றுமாக வாங்கினோம். நாங்கள் நால்வரும் வருடக்கணக்கில் ஒரே பாட்டைத் தனித்தனி அறைகளில், கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டாருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டவர்கள். அதை முழுச் சத்தத்தில், திறந்த வானத்தின் கீழ், நால்வரும் ஒன்றாக நின்று கேட்கும் வாய்ப்பு வந்தபோது வீட்டில் கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பொய் சொன்னேன். அப்பா, அந்தப் பொய்க்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

காலை 8:58 – கயல்
மாமா, நீங்கள் அயர்ன் மெய்டனை நேரில் பார்த்திருக்கிறீர்களா! தயவுசெய்து ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

காலை 9:26 – செந்தில் மாமா
வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போனோம். எங்கு பார்த்தாலும் கறுப்பு டி-ஷர்ட். ஷில்லாங்கிலிருந்தும் கொச்சியிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தவர்கள். முதலில் டெல்லியின் பரிக்கிரமா குழுவும், ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸும் வாசித்தார்கள். இருட்டிய பிறகு மேடை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. மைதானம் முழுவதும் எழுந்த அந்த முழக்கம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கத்திக்கொண்டிருக்கிறேன் என்பதே தொண்டை வலித்தபோதுதான் தெரிந்தது.

முதல் அடி விழுந்தபோது நடந்ததை உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் கயல். டிரம்ஸின் பெரிய மேளமும் பேஸ் கிட்டாரும் காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிட்டன. சட்டைத் துணி மார்பில் பட்டுப் பட்டு அதிர்ந்தது. பாக்கெட்டில் இருந்த சில்லறை நடுங்குவதை விரலால் தொட்டுப் பார்த்தேன். கேசட்டில் பேஸ் கிட்டார் எங்கோ பின்னால் முணுமுணுக்கும். அன்று ஸ்டீவ் ஹாரிஸ் மேடை விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்து, கிட்டாரை எங்களை நோக்கி நீட்டி வாசித்தபோது, நான் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த பாட்டில் பாதியை அதுவரை கேட்டதே இல்லை என்று புரிந்தது.

காலை 9:41 – செந்தில் மாமா
அக்காவின் கவலைக்கு வருகிறேன். மூன்றாவது பாட்டிலோ நான்காவதிலோ கூட்டம் முன்னால் தள்ளியது. பிரபு கால் இடறி விழுந்துவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவனைச் சுற்றியிருந்த பத்துப் பதினைந்து பேர் ஒருவருக்கொருவர் கையைக் கோத்து வட்டமாக நின்று முதுகால் கூட்டத்தைத் தடுத்தார்கள். ஷில்லாங்கிலிருந்து வந்த ஒரு பையன் பிரபுவின் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தி, தன் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து அவன் வாயில் ஊற்றினான். விழுந்தவரை உடனே தூக்கு என்பது ராக் கச்சேரிக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதன் பிறகு நாங்கள் நால்வரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, கடைசிப் பாட்டு வரைக்கும் எடுக்கவில்லை. இதற்குத் தனியாகப் போகக் கூடாது. நண்பர்களோடுதான் போக வேண்டும்.

காலை 9:55 – செந்தில் மாமா
இன்னொன்று. அவர்களுடைய ரசிகர்கள் சொற்களோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள், கிட்டார் வாசிக்கும் மெட்டையும் சேர்ந்து பாடுவார்கள். ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத ஜெரால்டு, பள்ளியில் ஆண்டு விழாவில்கூட வாயைத் திறக்காதவன், ஆயிரக்கணக்கானோர் "ஓ… ஓ…" என்று அந்த மெட்டை இழுத்தபோது கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான். பக்கத்தில் நின்ற எனக்கு அவன் குரல் அத்தனை குரல்களுக்கிடையிலும் தனியாகக் கேட்டது. அவனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம்தான் முதலில் வரும்.

காலை 10:20 – தாத்தா
எல்லாவற்றையும் படித்தேன். செந்தில், அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தியா 191 ரன்னுக்கு ஆட்டமிழந்து வங்கதேசத்திடம் தோற்ற ஆட்டம் அது. நடுராத்திரி தாண்டி இரண்டு மணிக்கு மேல் வரை நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நீயும் அன்வர் வீட்டில் இதே நேரத்தில் இதே தோல்வியைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று எண்ணிக்கொண்டேதான் பார்த்தேன். காலையில் நீ வந்தபோது ஆட்டத்தைப் பற்றி இரண்டு முறை கேட்டேன். நீ பதில் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டாய். தோல்வியில் மனம் உடைந்திருக்கிறான், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று உன் அம்மாவிடமும் சொன்னேன்.

காலை 10:34 – செந்தில் மாமா
அப்பா, நீங்கள் கேட்டது எனக்குக் காதில் விழவே இல்லை. கச்சேரி முடிந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு நடந்தபோது டீக்கடைத் தொலைக்காட்சியைச் சுற்றிக் கறுப்புச் சட்டைக்காரர்கள் நின்றிருந்தார்கள். 191 என்பதை எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம், வர்ணனை எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. இரவு மெயில் ரயிலில் படுத்திருந்தபோது சக்கரச் சத்தத்தைத் தாண்டிச் சில்வண்டு போல ஒரு ரீங்காரம் காதுக்குள் ஓயாமல் கேட்டது. ஜோலார்பேட்டை தாண்டிய பிறகு தோல்விச் செய்தி அன்வரின் போனுக்கு வந்தது. அவன் அதைச் சொல்லாமல் போனை என் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். ரீங்காரம் அடங்க மூன்று நாள் ஆயிற்று. நீங்கள் அன்று என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டீர்கள் என்பது இன்றுதான் தெரிகிறது.

காலை 10:41 – வசந்தா பெரியம்மா
மூன்று நாளா? அது உள்காதின் நுண்ணிய முடிச் செல்கள் அடிபட்டதன் அறிகுறி. அவை செத்துவிட்டால் மறுபடி முளைக்காது. உனக்கு அன்று தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். கயல், மருந்துக் கடையில் நுரையால் செய்த காதடைப்பான் கிடைக்கும். விரலால் உருட்டி மெல்லியதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும் வரை பிடித்துக்கொள்ள வேண்டும். பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்காதே, பஞ்சு அவ்வளவாகத் தடுக்காது.

காலை 10:48 – கயல்
காதடைப்பான் வைத்தால் பாட்டு கெட்டுவிடாதா பெரியம்மா?

காலை 10:55 – செந்தில் மாமா
கொஞ்சம் மங்கும், ஆனால் கெடாது. நெஞ்சில் அடிக்கும் அடியைக் காதடைப்பான் தடுக்கப் போவதில்லை. 2009இல் இதே ஐ.ஐ.டி. திறந்தவெளி அரங்கில் ஸ்வீடனின் ஓபெத் குழு வாசித்தபோது நாங்கள் நால்வரும் வைத்துக்கொண்டுதான் கேட்டோம். இன்னொரு யோசனையும் சொல்கிறேன். முன்வரிசைக்கு முண்டியடிக்காதீர்கள். அரங்கின் நடுவில் ஒலி மிக்சர் மேசை இருக்கும். ஒலிப்பொறியாளர் தன் காதுக்கு எது சரியோ அதையே வைப்பார் என்பதால், அந்த மேசைக்கு அருகில்தான் பாட்டு நன்றாகக் கேட்கும். மேசையைச் சுற்றித் தடுப்பு இருப்பதால் முதுகுக்கு ஒரு பிடிமானமும் கிடைக்கும்.

காலை 11:10 – தாத்தா
நீ பொய் சொல்லிவிட்டுப் போனதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பாட்டுக்காகப் போனதில் வருத்தமில்லை. மயிலாப்பூர் மாட வீதியில் தவிலுக்கு மிக அருகில் நின்றவனுக்கு நெஞ்சில் விழும் அடி என்னவென்று தெரியும். மல்லாரி வாசிக்கும்போது நானும் சுவாமிக்கு முன்னால் கால் நோவது தெரியாமல் நடந்திருக்கிறேன். எனக்கு ஒன்று சொல். அந்த மேளக்காரர் காலாலும் வாசிப்பாரா?

காலை 11:24 – செந்தில் மாமா
ஆமாம் அப்பா. பெரிய மேளத்தைக் காலால் மிதித்துத்தான் அடிப்பார்கள். நிக்கோ மெக்பிரெய்ன் என்பது அவர் பெயர், 1982இலிருந்து அந்தக் குழுவில் இருந்தவர். இந்த வகை இசையில் பலர் இரண்டு மிதிகளை வைத்து இரண்டு காலாலும் அடிப்பார்கள். அவரோ ஒற்றை மிதியில், ஒரே காலால் அந்த வேகத்தைக் கொண்டுவருவார். வெறுங்காலோடு உட்கார்ந்து வாசிப்பதும் அவர் பழக்கம். 2023இல் பக்கவாதம் வந்து, அதிலிருந்து மீண்டு மறுபடி மேடையேறி, 2024 டிசம்பரில்தான் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வுபெற்றார். அந்தச் செய்தி வந்த இரவு நாங்கள் நால்வரும் ஒரு மணி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தோம்.

காலை 11:30 – தாத்தா
ஒற்றைக் காலால் என்றால் பெரிய சாதகம். மீனா, கயல் போய்வரட்டும். அவள் கேட்டுவிட்டுப் போகிறாள்.

காலை 11:38 – அம்மா
சரி. நான்கு பேரும் பிரியக் கூடாது. உள்ளே போனதும் ஒரு செய்தி, வெளியே வந்ததும் ஒரு செய்தி. செந்தில், பத்து மணிக்கு அடையாறு பக்கத்து வாசலில் நீ காரோடு நிற்க வேண்டும்.

காலை 11:39 – செந்தில் மாமா
ஒன்பதரைக்கே நிற்பேன் அக்கா.

சனி

இரவு 10:14 – கயல்
அம்மா, நால்வரும் வெளியே வந்துவிட்டோம், மாமாவின் காரில் ஏறிவிட்டோம். பெரியம்மா, காதில் ரீங்காரம் இல்லை. ஒரு தோழி மட்டும் பாதியில் காதடைப்பானைக் கழற்றிவிட்டாள், அவளுக்குக் கொஞ்சம் அடைத்தாற்போல இருக்கிறதாம். மிக்சர் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றோம். மாமா, சட்டைத் துணி அதிர்வதை நானும் தொட்டுப் பார்த்தேன். கடைசிப் பாட்டின் மெட்டை அரங்கமே சேர்ந்து பாடியபோது நாங்கள் நால்வரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தோம், யார் முதலில் போட்டது என்று தெரியவில்லை. தொண்டை கட்டிவிட்டது, அதனால்தான் போன் பேசாமல் எழுதுகிறேன்.

இரவு 10:19 – தாத்தா
மேளக்காரர் எத்தனை காலால் வாசித்தார்?

இரவு 10:21 – கயல்
இரண்டு காலாலும் தாத்தா. நால்வருமாகப் பக்கவாட்டுப் படிக்கட்டுக்கு ஏறிப் போய்ப் பார்த்தோம். ஆனால் நடுவில் ஒரு பாட்டில் இடது காலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வலது காலால் மட்டுமே நீண்ட நேரம் வாசித்தார்.

இரவு 10:22 – தாத்தா
அந்த இடத்தை நீ வந்து எனக்குத் தட்டிக் காட்ட வேண்டும். தூங்காமல் இருக்கிறேன். தொண்டைக்கு வெந்நீர் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.