கண்ட்ரோலர்ல விளையாடும்போது பத்தாவது நிமிஷம் திரை அணைஞ்சிடுது, மவுஸை ஆட்டாம வழி இருக்கா?

சாய்வுநாற்காலி

வணக்கம். விண்டோஸ் 11, மேசைக் கணினி, ப்ளூடூத்ல எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர். மானிட்டரை விட்டுத் தள்ளி, நல்லா சாய்ஞ்சு உட்கார்ந்து விளையாடுற ஆள் நான். கீபோர்டு, மவுஸ் ரெண்டும் மேசையில அது பாட்டுக்குக் கிடக்கும்.

கட்டைவிரல் ரெண்டும் ஓயாம ஸ்டிக்கை உருட்டிக்கிட்டு இருக்கும்போதே, சரியா பத்தாவது நிமிஷம் திரை கறுத்துடுது. கணினி தூங்கல. ஹெட்போன்ல இசை ஓடுது, வாள் மோதுற சத்தம் கேட்குது, என் ஆள் அடிவாங்கி முனகுறதும் கேட்குது. நேத்து ஒரு பாஸ் (கட்டக் கடைசியில வர்ற பெரிய எதிரி), ஹெல்த் பார்ல நூல் அளவுதான் சிவப்பு பாக்கி. அந்த நேரம் பார்த்து இருட்டு. எழுந்து ஓடி மவுஸைத் தொடுறதுக்குள்ள நான் செத்துட்டேன், அதையும் காதால கேட்டுக்கிட்டேதான் ஓடினேன்.

இப்போதைக்கு ஒரு கோமாளித்தனம் பண்றேன். நீள ஒயர் உள்ள பழைய மவுஸைத் தரையில வெச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் பெருவிரலால தட்டுறேன். அதுலயும் தொல்லை. மவுஸ் அசைஞ்ச உடனே நான் கீபோர்டுக்கு மாறிட்டதா ஆட்டம் நினைச்சுக்குது. 'ஏ பட்டனை அழுத்து'ன்னு இருந்த இடத்துல 'ஸ்பேஸ்பாரை அழுத்து'ன்னு வருது, கேமரா சுவத்தைப் பார்க்கத் திரும்பிக்குது.

எனக்குப் புரியாதது என்னன்னா, இதே கண்ட்ரோலர்ல கார் பந்தயம் ஆடினா ரெண்டு மணி நேரம் ஆனாலும் திரை அணையறதில்ல. அப்ப குத்தம் கண்ட்ரோலர்லயா, ஆட்டத்துலயா, விண்டோஸ்லயா? திரை அணையவே கூடாதுன்னு செட்டிங்ஸ்ல வைக்கலாம், தெரியும். ஆனா நான் எல்லாத்தையும் போட்டது போட்டபடி எழுந்து போற ஆள். அது வேண்டாம்.

பழையகீபோர்டு

கண்ட்ரோலர் மேல் பழி போடாதீர்கள், அது பாவம். விண்டோஸ் 'ஆள் இருக்கிறாரா' என்று பார்ப்பது கீபோர்டு, மவுஸ், தொடுதிரை போன்றவற்றை வைத்துத்தான். கண்ட்ரோலரின் பட்டன்கள் அந்தக் கணக்கில் சேருவதில்லை. ஆட்டம்தான் நேரடியாகக் கண்ட்ரோலரிடம் போய் 'ஸ்டிக் எங்கே இருக்கிறது, எந்த பட்டன் அழுத்தியிருக்கிறது' என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்கும். விண்டோஸின் கடிகாரத்தைப் பொறுத்தவரை நீங்கள் பத்து நிமிடமாகச் சிலை. (ஸ்டிக் தேய்ந்த கண்ட்ரோலர் சோபாவில் சும்மா கிடந்தாலும் எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கும். அதையும் கணக்கில் சேர்த்தால் பல கணினிகள் தூங்கவே தூங்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

அப்படியென்றால் படம் பார்க்கும்போது ஏன் அணைவதில்லை? ப்ளேயர் விண்டோஸிடம் 'நான் ஓடும்வரை திரையை அணைக்காதே' என்று சொல்லி வைக்கிறது. அதற்கென்றே 'செட் த்ரெட் எக்ஸிக்யூஷன் ஸ்டேட்' என்று ஓர் அழைப்பு இருக்கிறது. உங்கள் கார் பந்தயத்தை எழுதியவர்கள் அப்படி ஏதோ ஒன்றைச் செய்திருக்க வேண்டும். வாள் சண்டையை எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். எழுதும்போது கீபோர்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று கொடுங்கள். (ஒலிப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.) யார் யார் கணினியை விழித்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆட்டத்தை விட்டு வெளியே வந்து இதைப் பார்த்தால் சில ஆட்டங்கள் அந்த நேரத்தில் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுவிடும். அதனால் முன்னால் 60 வினாடி 'டைமவுட்' போட்டுவிட்டு, ஆட்டத்துக்குள் திரும்பிப் போய் விளையாடிக்கொண்டிருங்கள். பிறகு வந்து பாருங்கள்.

சாய்வுநாற்காலி

ஐயா, சொன்ன மாதிரியே செஞ்சேன். கார் பந்தயத்துக்கு 'டிஸ்ப்ளே'ங்கிற தலைப்புக்குக் கீழ அந்த ஆட்டத்தோட பேரே இருக்கு. வாள் சண்டைக்கு அதே இடத்துல 'ஒன்றுமில்லை'. ஆனா 'சிஸ்டம்'ங்கிற தலைப்புக்குக் கீழ சவுண்ட் டிரைவர் பேரு, ஆடியோ ஓடிக்கிட்டு இருக்குன்னு ஒரு வரி. இது என்ன?

பழையகீபோர்டு

நீங்கள் இருட்டில் கேட்டுக்கொண்டே செத்ததற்கு அதுதான் காரணம். ஒலி ஓடும்வரை கணினி தூங்கக்கூடாது என்று சவுண்ட் டிரைவர் கேட்டிருக்கிறது. கணினியைத்தான், திரையை அல்ல. இரண்டும் தனித்தனிக் கோரிக்கை. சத்தம் இருந்தும் படம் போனது அதனால்தான்.

இனி வழி. ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சின்னக் கோப்பு) எழுதுங்கள், மூன்றே வரி. முதல் வரி 'பவர்சிஎஃப்ஜி சாய்கோடு சேஞ்ச் மானிட்டர்-டைமவுட்-ஏசி 0'. இரண்டாவது வரி ஆட்டத்தை 'ஸ்டார்ட் சாய்கோடு வெயிட்' போட்டுத் திறப்பது. மூன்றாவது வரி முதல் வரியேதான், கடைசியில் 0-க்குப் பதில் 10. எண் நிமிடக் கணக்கு, 0 என்றால் அணையவே அணையாது. மடிக்கணினியில் மின்கலத்தில் ஓட்டுபவர்கள் 'ஏசி' இருக்கும் இடத்தில் 'டிசி' போட வேண்டும்.

ஸ்கிரீன்சேவர் வைத்திருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அதன் கடிகாரம் தனி, இந்த மூன்று வரி அதைத் தொடாது.

பென்குயின்குட்டி

குறுக்க வர்றேன், மன்னிக்கணும். லினக்ஸ்ல இந்தத் தலைவலி கொஞ்சம் கம்மி. எஸ்டிஎல்ங்கிற நிரல் நூலகத்தை வெச்சு எழுதின ஆட்டங்கள் 2.0.2 பதிப்புலேர்ந்து ஸ்கிரீன்சேவரைத் தானாவே நிறுத்தி வைக்கும். அப்படி இல்லாத ஆட்டத்துக்கு 'கேம்மோட்'ங்கிற கருவி போட்டு ஓட்டினா அதுவும் ஸ்கிரீன்சேவரைத் தடுக்கும். கேடிஈ டெஸ்க்டாப் வெச்சிருந்தா பேட்டரி ஐகானைத் தட்டி, தூக்கத்தையும் திரைப்பூட்டையும் கையாலயே நிறுத்தலாம். மேக்ல டெர்மினலைத் திறந்து 'காஃபினேட் -டி', முடிஞ்சது. விண்டோஸ் பத்தி எனக்கு எதுவும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் ஆசையில்ல.

மூணாவதுமானிட்டர்

அண்ணா, இவ்வளவு எதுக்கு? ஸ்டீம்ல (ஆட்டங்களை வாங்கி ஓட்டுற செயலி) கண்ட்ரோலர் செட்டிங்ஸ் போய், நீங்க அடிக்கடி தட்டுற பட்டனோட கூடவே ஒரு கீபோர்டு கீயையும் சேர்த்து விடுங்க. ஒவ்வொரு வாள்வீச்சுக்கும் விண்டோஸுக்கு ஒரு கீ போன மாதிரி இருக்கும். நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

சாய்வுநாற்காலி

தம்பி, முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன். திரை அணையல, உண்மைதான். ஆனா ஒவ்வொரு வெட்டுக்கும் கீழ இருக்கிற பட்டன் படங்கள் கீபோர்டுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவுல மின்னிக்கிட்டே இருக்கு. கல்யாண வீட்டு சீரியல் விளக்கு தோத்துடும். கால் விரலே மேல்னு தோணிடுச்சு. கீபோர்டைக் கண்டா மாறாத ஆட்டத்துக்கு உங்க வழி சரியா வரும்.

அப்புறம் ஐயா, மூணு வரி பேட்ச் ஃபைல் வேலை செய்யல. பத்தாவது நிமிஷம் பழையபடி கறுப்பு.

பழையகீபோர்டு

ஆட்டம் லாஞ்சர் வழியாகத் திறக்கிறதா?

சாய்வுநாற்காலி

ஆமா. சின்னதா ஒரு பெட்டி வந்து, லோகோ காட்டி, மறைஞ்சு, அப்புறம்தான் ஆட்டம் வரும்.

பழையகீபோர்டு

அங்கேதான் சிக்கல். உங்கள் பேட்ச் ஃபைல் அந்தச் சின்னப் பெட்டிக்காகத்தான் காத்திருக்கிறது, ஆட்டத்துக்காக அல்ல. பெட்டி மறைந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து மூன்றாவது வரிக்குப் போய் 10 நிமிடத்தைத் திரும்ப வைத்துவிடுகிறது, உங்கள் ஆட்டத்தின் முதல் திரை வருவதற்குள்ளேயே. இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவே 'பாஸ்' என்று ஒரு வரி போடுங்கள் (நீங்கள் அடித்துக்கொண்டிருக்கும் பாஸ் இல்லை, நிறுத்து என்று பொருள்படும் கட்டளை). ஆட்டம் முடிந்து வந்து ஏதாவது ஒரு கீயைத் தட்டினால்தான் அடுத்த வரி ஓடும்.

ஓலெட்காரி

ரெண்டு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன், இப்ப வாய் திறக்கணும். ஓலெட் திரை (ஒரே படம் ரொம்ப நேரம் நின்னா தடம் பதிஞ்சுடுற வகை) வெச்சிருக்கவங்க இந்த 'பாஸ்' வழிக்குப் போகாதீங்க. ஆட்டத்தை நிறுத்தி வெச்சுட்டு போன் பேசப் போவீங்க, மூலையில இருக்கிற மேப்பும் ஹெல்த் பாரும் அதே இடத்துல மணிக்கணக்கா எரியும். என் பழைய திரையில ஒரு ஆட்டத்தோட மேப் வட்டம் வெள்ளைப் பக்கம் திறந்தா இன்னிக்கும் நிழலாத் தெரியும். எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து நானே வரைஞ்ச மேப் அது.

நான் இப்ப பவர்டாய்ஸ் போட்டிருக்கேன். மைக்ரோசாஃப்ட் தர்ற இலவசத் தொகுப்பு. அதுல 'அவேக்'னு ஒரு கருவி. நிரந்தரமா முழிச்சிருக்கவும் சொல்லலாம், இவ்வளவு மணி நேரம் மட்டும்னும் சொல்லலாம். நேரம் முடிஞ்சா எல்லாம் பழைய செட்டிங்குக்கே திரும்பிடும், நீங்க எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். ஒண்ணு மட்டும் கவனம்: அதுல திரையை எரிய வைக்கிறதுக்குத் தனி சுவிட்ச் இருக்கு. அதைப் போடலன்னா கணினி மட்டும்தான் முழிச்சிருக்கும், திரை வழக்கம்போல அணையும். வேலையே செய்யலன்னு திட்டுறவங்கள்ல பாதிப் பேர் அந்த சுவிட்சைப் பார்க்காதவங்கதான்.

பழையகீபோர்டு

ஒப்புக்கொள்கிறேன், இவருக்கு அதுதான் பொருத்தம். கீயைத் தட்ட நினைவிருக்கும் ஆளாக இருந்தால் முதலில் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சாய்வுநாற்காலி

ஐயா என்னை நல்லாவே புரிஞ்சு வெச்சிருக்கார். 'பாஸ்' வரி போட்ட முதல் ராத்திரியே தட்ட மறந்துட்டேன். காலையில எழுந்து வந்தா அறை முழுக்க வெளிச்சம், திரையில கறுப்புப் பெட்டிக்குள்ள 'தொடர ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்'னு எனக்காக ராத்திரி பூரா காத்துக்கிட்டு இருக்கு.

அவேக் போட்டாச்சு, ரெண்டு மணி நேரம், திரை சுவிட்சும் போட்டாச்சு. அந்த ரிக்வெஸ்ட்ஸ் கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், 'டிஸ்ப்ளே' தலைப்புல இப்ப பவர்டாய்ஸ் பேரு நிக்குது. ஆட்டத்துக்குள்ள பட்டன் படம் மாறல, கேமரா திரும்பல. பாஸையும் வெளிச்சத்துலயே பார்த்து முடிச்சுட்டேன். தரையில கிடந்த மவுஸை எடுத்து டிராயர்ல போட்டாச்சு.

ரெண்டு மணி நேரத்தை மட்டும் ரெண்டரைன்னு மாத்தி வெச்சிருக்கேன், அடுத்த பாஸ் கொஞ்சம் முரடு.