சாலையோர வியாபாரிகளுக்கான துண்டறிக்கை: எளிய தமிழில் எழுத உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே பூ, காய்கறி விற்பவர்களைச் சங்கமாகத் திரட்டி வருகிறோம். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டத்தைச் சொல்லும் ஒரு பக்கத் துண்டறிக்கை வேண்டும்.

வழக்கறிஞர் நண்பர் வரைவு கொடுத்தார். சட்டம் பிசகவில்லை, தமிழ்தான் தொண்டையில் சிக்குகிறது. "கைப்பற்றப்பட்ட அழுகக்கூடிய பொருட்களைப் பொறுத்தமட்டில், உரிமை கோரப்பட்ட அதே நாளில் உள்ளாட்சி அமைப்பானது விடுவித்தல் வேண்டும்" என்று ஒரு வரி. வாசித்துக் காட்டியதும் பூக்கார அக்கா ஒருவர் கேட்டார்: "என் பூவை இன்றைக்கே தருவார்களா, மாட்டார்களா?"

அதை இப்படி மாற்றினோம்: "பூ, காய், பழத்தை எடுத்துப் போனால், நீங்கள் போய்க் கேட்ட அன்றே கட்டணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும். எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு உங்களிடம் கொடுக்க வேண்டும்."

நகர விற்பனைக் குழு (சாலையோர விற்பனையைக் கவனிக்க இந்தச் சட்டப்படி அமைக்கும் குழு) பற்றிய பத்தியில்தான் திணறுகிறோம். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். "பத்தில் நான்கு பேராவது" என்று எழுதினால் சரியாக வருமா? இடத்தைவிட்டு அகற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும்.

அறிவொளி இயக்கத்தில் பாடம் நடத்தியவர்கள், தொழிற்சங்க அனுபவம் உள்ளவர்கள் யாராவது எழுதித் தாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும், சட்டமும் திரியக் கூடாது. முழக்கங்கள் வேண்டாம், கைவசம் நிறையவே இருக்கின்றன. படிக்கத் தெரியாதவர்களுக்காக இதையே நிதானமாக வாசித்து ஒலிப்பதிவு செய்து தரவும் ஒருவர் தேவை.